இல்லாத கண்டத்துக்கு ஒப்பாரி, இருக்கிற மலைக்கு ஏலம்!

திண்டுக்கல்லில் ஓர் இலக்கியக் கூட்டம். ரோட்டை ஒட்டிய கல்யாண மண்டபம். மேடையில் ஒரு பேராசிரியர் குமரிக்கண்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல், நல்ல தமிழ். "கடல் தின்ற நாடு... கடல் தின்ற நூல்கள்... கடல் தின்ற நம் முன்னோர்..." என்று அடுக்கிக்கொண்டே போனவருக்கு ஒரு கட்டத்தில் தொண்டை அடைத்துவிட்டது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கண் கலங்கிவிட்டார். முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே வரிசையாக டிப்பர் லாரிகள். சன்னல் கண்ணாடி அதிர்கிறது. மைக் சத்தமே கேட்கவில்லை. பேராசிரியர் பேச்சை நிறுத்தி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, லாரிகள் போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். லாரி நிறைய ஜல்லி. அதாவது, காலை வரை அது ஏதோ ஒரு குன்றாக இருந்திருக்கும்.

லாரி போனது. பேராசிரியர் மறுபடியும் கடலுக்குள் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இல்லாத ஒரு கண்டம் முழுகிப்போனதற்கு மண்டபமே அழுகிறது. இருக்கிற மலை கண்ணெதிரே ரோட்டில் போகிறது, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. முழுகினால் அழுவோம், வெட்டினால் பில் போடுவோம். இதுதான் நம்ம ஊர்ப் பாரம்பரியப் பெருமையின் லட்சணம்.

இதைச் சொன்னால் 'தமிழ்த் துரோகி' பட்டம் வரும் என்று தெரியும். வரட்டும். முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

*

முதலில் ஒரு வாக்குமூலம். நான் புவியியல் படித்தவன் இல்லை. பி.காம். பற்று-வரவு, ஐந்தொகை, தேய்மானம் இவ்வளவுதான் கல்லூரியில் கற்றது. ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது 'இது எங்க பூர்வீகச் சொத்து' என்றால் உடனே 'மூலப் பத்திரம் எங்கே?' என்று கேட்பான். குமரிக்கண்டத்துக்கும் மூலப் பத்திரம் தேடிப் போனேன். கிடைத்தது. எழுதப்பட்ட இடம் மதுரை அல்ல, கபாடபுரமும் அல்ல. இங்கிலாந்து!

1864. ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்று ஒரு விலங்கியல்காரர். அவருக்கு ஒரு சந்தேகம். மடகாஸ்கர் தீவில் லெமூர் என்கிற குரங்கு ஜாதிப் பிராணிகள் ஏராளம். அதன் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். நடுவிலோ ஆயிரக்கணக்கான மைல் கடல். நீச்சல் தெரியாத பிராணி எப்படிப் போயிற்று? 'ஒரு காலத்தில் நடுவில் நிலம் இருந்திருக்க வேண்டும், பிறகு முழுகியிருக்க வேண்டும்' என்று எழுதினார். அந்த நிலத்துக்கு லெமூர் பெயரிலேயே 'லெமூரியா' என்று பெயர் வைத்தார். அன்றைக்கு இருந்த அறிவுக்கு அது நியாயமான ஊகம். கண்டங்கள் நகரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நிலம் நகராது என்றால், முழுகுவது ஒன்றுதானே வழி?

பிறகு எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன்காரர், மனித குலமே அங்கேதான் பிறந்திருக்கும் என்று ஒரு படி ஏற்றினார். பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-ல் அதை ஆன்மிகத்துக்குக் கடத்திக்கொண்டு போனார். அங்கிருந்துதான் நம் அறிஞர்கள் கைக்கு வந்தது. நம்மிடம் ஏற்கெனவே கடல்கோள் பற்றிய பழைய செய்திகள் இருந்தன. இறையனார் களவியல் உரையிலும் அடியார்க்கு நல்லார் உரையிலும் கடல் கொண்ட நாடுகளின் கதை இருக்கிறது. அந்தச் சட்டையை இந்த ஆளுக்கு மாட்டினார்கள். அளவு சரியாக இருக்கிற மாதிரியே தெரிந்தது. லெமூரியா குமரிக்கண்டம் ஆயிற்று.

பத்திரத்தை எழுதியவர் என்ன ஆனார்? பத்திரத்தையே அறிவியல் ரத்து செய்துவிட்டது. அதை நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நாம் கேட்கவில்லை.

*

ரத்து செய்த கதை சுவாரஸ்யமானது.

1912-ல் ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மானியர் 'கண்டங்கள் நகர்கின்றன' என்றார். அவர் வானிலை ஆராய்ச்சிக்காரர், நிலவியல்காரர் இல்லை. அதனால் நிலவியல்காரர்கள் சிரித்தார்கள். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் கிழித்த காகிதம் மாதிரிப் பொருந்துகின்றன, இரண்டு பக்கமும் ஒரே பாறை, ஒரே புதைபடிவம் என்று காட்டினார். 'சரி, எது தள்ளுகிறது?' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. 1930-ல் கிரீன்லாந்தின் பனியிலேயே இறந்துபோனார். வயது ஐம்பது.

பதில் வந்தது அறுபதுகளில். கடல் தரையின் நடுவே நீளமாக மலைத்தொடர்கள் ஓடுகின்றன. அங்கே பூமி பிளந்து, உள்ளிருந்து குழம்பு வந்து, ஆறி, புதுத் தரை ஆகிறது. பழைய தரை இரண்டு பக்கமும் ஒதுங்குகிறது. தரை ஒதுங்கும்போது அதனோடு ஒட்டியிருக்கிற கண்டமும் நகர்கிறது. ஓரங்களில் கனமான கடல் தரை இன்னொரு தட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விடுகிறது. ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. பூமி ஐந்தொகையைச் சரியாக வைத்திருக்கிறது!

இதற்குப் பெரிய ஆதாரம் எது தெரியுமா? குழம்பு ஆறும்போது அந்த நேரத்துப் பூமியின் காந்தத் திசை பாறையில் பதிவாகிவிடும். பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகும். அதனால் கடல் தரையில் வரிக்குதிரை மாதிரிப் பட்டை பட்டையாகப் பதிவு இருக்கும், மலைத்தொடருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. 1963-ல் இதை எழுதியவர்கள் வைன், மேத்யூஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். அவர்கள் கையில் இருந்த அளவீடுகள் எந்தக் கடலில் எடுத்தவை? நம்ம இந்தியப் பெருங்கடலில், கார்ல்ஸ்பெர்க் தொடருக்கு மேலே!

கவனியுங்கள். எந்தக் கடலுக்குள் கண்டம் முழுகிக் கிடக்கிறது என்று சொன்னோமோ, அதே கடலின் தரைதான் 'இங்கே எதுவும் முழுகவில்லை, நான் புதிதாக விரிந்தேன்' என்று சாட்சி சொன்னது. கண்டத்துப் பாறை லேசானது, முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவுக்குத் தடிமனானது. கடல் தரை கனமானது, ஏழு கிலோமீட்டர் தடிமன்தான். கண்டம் என்பது தண்ணீரில் மிதக்கிற கட்டை மாதிரி. முழுசாகக் கல் மாதிரி அமிழ்ந்துபோகாது. தேடிப் பார்த்தால் அந்தத் தடிமன் தெரியாமலா போகும்?

இந்தச் சாட்சி வந்து பதினெட்டு வருடம் கழித்து, 1981-ல் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அங்கே அரசு செலவில் எடுத்த குமரிக்கண்டம் ஆவணப்படம் காட்டினார்கள். தீர்ப்பு வந்த பிறகும் வழக்கு நடத்துவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

*

"அப்போ கடல்கோள் எல்லாம் பொய்யாண்ணே?" என்று கேட்டார், கூட்டம் முடிந்து டீக்கடையில் பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர். நியாயமான கேள்வி.

பொய் இல்லை தம்பி. இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இப்போதைவிட சுமார் 120 மீட்டர் கீழே. ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம். குமரிக்குத் தெற்கேயும் கொஞ்ச தூரம் நிலம் இருந்தது. பனி உருகக் கடல் ஏறியது, கரையோரம் போனது. அவ்வளவு தூரம் ஏன்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை நம் அப்பா அம்மா காலத்திலேயே கடல் கொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கத்தில் தட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்று வழுக்கியதில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் எட்டாயிரம் உயிர். கடலோரத்துக்காரன் பாட்டில் கடல்கோள் இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

ஆக, கடல் ஊரைக் கொண்டது உண்மை. கண்டத்தைக் கொண்டது கதை. முன்னது நினைவு, பின்னது வீம்பு.

"மொரீஷியஸ் பக்கத்துல முழுகுன கண்டம் கெடைச்சிருச்சுன்னு பேப்பர்ல போட்டானே?" என்றார் விடாமல். ஆமாம், போட்டான். 2013-லும் 2017-லும் மொரீஷியஸ் மண்ணிலும் பாறையிலும் மிகப் பழைய சிர்கான் துகள்கள் கிடைத்தன. பழைய கண்டத்தின் துண்டு ஒன்று எரிமலைக் குழம்புக்கு அடியில் இருக்கலாம் என்றார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் பிய்ந்தபோது நடுவில் சிதறிய பிசிறு. அது நடந்தது பல கோடி வருஷத்துக்கு முன்னால். மனிதன் வந்தே மூன்று லட்சம் வருஷம்தான் ஆகிறது. அங்கே தமிழ்ச் சங்கம் நடத்தியிருந்தால் டைனோசர்தான் தலைமை தாங்கியிருக்க வேண்டும்.

தம்பி சிரித்துவிட்டார். டீக்காசையும் அவரே கொடுத்தார்.

*

இனிமேல்தான் விஷயமே. குமரிக்கண்டத்தைப் பிடுங்கிக்கொண்டு உங்களை வெறுங்கையோடு அனுப்புவதற்கு நான் வரவில்லை. அதைவிடப் பழைய, அதைவிடப் பெரிய, தொட்டுப் பார்க்கக்கூடிய சொத்து ஒன்று நம் காலடியிலேயே கிடக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன்.

திண்டுக்கல்லுக்குப் பெயரே ஒரு கல்லால் வந்தது. திண்டு மாதிரிக் கிடக்கிற கல். அதன் மேல் 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்ட ஆரம்பித்தார். ஹைதர் அலி வந்தார், திப்பு வந்தார், வெள்ளைக்காரன் வந்தான். கோட்டைக்கு டிக்கெட் எடுத்து ஏறிப் பார்த்தால் இந்த நானூறு வருஷத்துக் கதை கிடைக்கும். பீரங்கி எங்கே இருந்தது, கிடங்கு எங்கே இருந்தது எல்லாம் தெரிந்துகொள்ளலாம். கல்லின் வயது பற்றி ஒரு வரி? என் கண்ணில் படவில்லை.

நானே சொல்கிறேன். பழனிமலையில் தொடங்கி மதுரை, திண்டுக்கல் சமவெளி முழுக்கப் பரவிக் கிடக்கிற பாறைகளுக்குள் சிலவற்றின் மூலப்பொருள் 250 கோடி வருஷம் பழையது. அவை கடைசியாக வெந்து, நெரிந்து, இன்றைய உருவத்துக்கு இறுகியது சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால். வெந்த இடம் தரைக்குக் கீழே இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில்.

ஏன் வெந்தது? அப்போது ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டிருந்த நேரம். கோண்ட்வானா என்ற மகா கண்டம் உருவாகிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த கடல் ஒன்று நசுங்கிக் காணாமல் போனது. அந்தக் கடல் மூடிய தையல் நமக்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிப் பக்கமாக ஓடுகிறது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். 'இல்லை, இன்னும் தெற்கே' என்று சிலர் சண்டை போடுகிறார்கள். எங்கே என்பதில்தான் சண்டை. மோதல் நடந்ததில் சண்டை இல்லை.

இரண்டு கண்டங்கள் மோதினால் என்ன ஆகும்? இமயமலை ஆகும். இந்தியா ஆசியாவில் மோத ஆரம்பித்து சுமார் ஐந்து கோடி வருஷம் ஆகிறது, இமயம் இன்னும் வளர்கிறது. அதே மாதிரி ஒரு மலைத்தொடர் இங்கேயும் எழும்பியது. அப்புறம் மழையும் வெயிலும் காற்றும் அதைக் கோடிக்கணக்கான வருஷம் சுரண்டின. மேலே இருந்ததெல்லாம் கரைந்து போக, முப்பது கிலோமீட்டர் கீழே வெந்துகொண்டிருந்த அடித்தளம் வெளியே வந்து வெயில் காய்கிறது. அதன் மேல்தான் நாம் பஸ் ஸ்டாண்ட் கட்டியிருக்கிறோம், புகையிலை போட்டிருக்கிறோம், பிரியாணி சாப்பிடுகிறோம்.

அதாவது, திண்டுக்கல் சமவெளி என்பது கரைந்துபோன ஓர் இமயமலையின் அடிவயிறு. இமயம் நமக்குத் தம்பி. அதுவும் கடைக்குட்டித் தம்பி.

வத்தலக்குண்டு தாண்டி, கொடைக்கானல் அடிவாரத்தில், தேனி மாவட்டத்து எல்லைக்குள் கெங்குவார்பட்டி என்று ஓர் ஊர். உலகத்துப் பாறை ஆராய்ச்சிக்காரர்கள் நடுவே அந்தப் பெயர் பிரபலம். அங்கே கிடைக்கிற, சஃபிரின் என்ற கனிமம் உள்ள பாறைகள் ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்தவை. பூமியின் மேலோட்டில் அவ்வளவு சூடு பட்ட பாறை அபூர்வம். ஜப்பானிலிருந்தெல்லாம் ஆய்வாளர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நமக்கு அது கொடைக்கானல் போகிற வழியில் டீ குடிக்க நிறுத்துகிற பக்கம்.

கொடைக்கானல் மலையில் நிறைய இருக்கிற சார்னோக்கைட் என்ற பாறைக்குப் பெயர் வந்த கதை தெரியுமா? கல்கத்தாவுக்கு அடிபோட்ட ஜாப் சார்னக்கின் கல்லறையை மூட ஒரு கருங்கல் வேண்டியிருந்தது. கல் போனது மெட்ராஸ் பக்கத்திலிருந்து. இருநூறு வருஷம் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல்காரர் அந்தக் கல்லைப் பார்த்து, 1893-ல் சார்னக் பெயரையே பாறைக்கு வைத்தார். நம்ம ஊர்க் கல்லுக்குக் கூட, அதன் கீழே படுத்திருக்கிற வெள்ளைக்காரன் பெயர்தான்! பரவாயில்லை, பரங்கிமலையில் அந்தப் பாறையைத் தேசிய நிலவியல் சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் அதே பாறைக்கு முக்கால் ஜல்லி என்று பெயர்.

*

சரி, லெமூர் சொந்தக்காரர் கதைக்கு வருவோம். ஸ்க்லேட்டரைக் குழப்பிய அந்த இந்திய உறவினர் யார்? தேவாங்கு! ஒல்லிக் கையும் உருட்டு விழியுமாக ராத்திரியில் திரியுமே, அதே தேவாங்கு. இன்றைக்கு அது எங்கே பிழைத்துக் கிடக்கிறது? அய்யலூர், கடவூர்க் காடுகளில். 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது.

லெமூரியா என்கிற பெயருக்கே காரணமான குடும்பத்தின் உறுப்பினர் நம் மாவட்டத்து முள்மரத்தில் உட்கார்ந்திருக்கிறார். லெமூரியாவுக்காக அழுகிற எத்தனை பேர் ஒருமுறையாவது அய்யலூருக்கு வண்டி பிடித்தோம்? இத்தனைக்கும் அவர் கதை முழுகின கண்டத்தைவிட அழகு. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் எட்டரைக் கோடி, ஒன்பது கோடி வருஷத்துக்கு முன்னால். லெமூர்களின் பாட்டன்கள் அதற்கும் பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்து ஏதோ மரக்கட்டையையோ செடிகொடித் திட்டையோ பிடித்துக்கொண்டு மடகாஸ்கருக்கு மிதந்து போயிருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய கணிப்பு. பாலமே தேவைப்படவில்லை!

பாலம் இல்லாமலே பிரிந்த உறவுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2003-ல் இடுக்கியில் ஊதா நிறத்தில் ஒரு தவளையைப் புது இனமாக அறிவித்தார்கள். அதன் நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது தெரியுமா? சீஷெல்ஸ் தீவுகளில். நிலம் பிரிந்தபோது அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தவளை கப்பல் ஏறவில்லை. அதன் ஊரே கப்பல்.

நம்ம ஊரும் கப்பல்தான். திண்டுக்கல் ஒரு காலத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, அண்டார்டிகாவுக்குப் பக்கத்து வீடாக இருந்த இடம். அங்கிருந்து கிளம்பி ரேகையைத் தாண்டி வந்து சேர்ந்தது. இன்னும் நிற்கவில்லை. வருஷத்துக்கு சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. நகம் வளர்கிற வேகம்தான். நான் பிறந்ததிலிருந்து ஏழடி நகர்ந்திருக்கிறேன். சொந்த முயற்சி எதுவும் இல்லாமல்! கோட்டைக்கு அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து அந்தப் பாறை சுமார் இருபது மீட்டர் பயணம் செய்திருக்கிறது. சுவரில் ஒரு கல்லைக்கூட அசைக்காமல்.

*

இப்போது கணக்குக்கு வருகிறேன். வருஷத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாறை வெந்து இறுகியது 55 கோடி ரூபாய். மனிதன் வந்தது மூன்று லட்ச ரூபாய். சங்க இலக்கியம் இரண்டாயிரம் ரூபாய். கோட்டை நானூற்றுச் சொச்சம். ஐந்து வருஷக் குவாரிக் குத்தகை? ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாய்க்காரர் 55 கோடியைக் கம்ப்ரஸர் போட்டு, துளை போட்டு, வெடி வைத்து, கிரஷரில் கொட்டி, யூனிட் கணக்கில் விற்றுவிடுகிறார்.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் ஒரு பாடம் வரும். சுரங்கம், குவாரி இதெல்லாம் தேய்ந்து தீர்கிற சொத்து. எடுக்க எடுக்கக் குறையும். அதனால் விற்ற காசு முழுவதையும் லாபம் என்று எழுதக் கூடாது. குறைந்த சொத்துக்கு ஒரு தொகையைக் கழித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சையில் முட்டை. சர்க்கார் கணக்கில் என்ன நடக்கிறது? கல் வெட்ட வாங்குகிற கட்டணம் 'வருவாய்' பக்கம் போய் உட்காருகிறது. மலை குறைந்தது எந்தப் பக்கத்திலும் இல்லை. வீட்டுக் கதவைக் கழற்றி விற்றுவிட்டு 'இந்த மாசம் வருமானம் ஜாஸ்தி' என்று குதிக்கிற குடும்பத் தலைவரை நாம் என்னவென்று சொல்வோம்?

"கல்லு வேணாம்னா வீட்டை எதுல கட்டுவீங்க, காத்துலயா?" என்று குவாரிக்காரர்கள் கேட்பார்கள். நியாயம்தான். நான் குடியிருக்கிற வீட்டிலும் ஜல்லி இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதும் மேஜைக்குக் கீழே கிரானைட்தான். கல்லே வெட்டாதே என்று நான் சொல்லவில்லை. எந்தக் கல், எந்த மலை, எவ்வளவு என்று யாராவது யோசித்துவிட்டு வெட்டினார்களா என்றுதான் கேட்கிறேன். ஆற்று மணலை அள்ளித் தீர்த்தோம். அதற்கு மாற்று என்று எம்-சாண்ட் வந்தது. அது மலையை அரைத்த மாவு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்.

தண்ணீர்க் கணக்கும் இதில் இருக்கிறது. இந்தப் பாறையில் பஞ்சு மாதிரித் துவாரம் கிடையாது. பழைய மோதல்களில் விழுந்த விரிசலிலும், மேலே மக்கிய மண்ணிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதி மட்டும் வந்த வீட்டுக்காரரைக் கேளுங்கள், விரிசல் தப்பினால் என்ன ஆகும் என்று சொல்வார். சிறுமலையும் பழனிமலையும் மழையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிடுவதால்தான் சந்தனவர்த்தினியும் குடகனாறும் ஆறு என்ற பெயரையாவது வைத்திருக்கின்றன. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் நம் குழாய்க்கு வருகிறது. மலை என்பது வேடிக்கைப் பொருள் இல்லை. தண்ணீர் டேங்க். டேங்கை உடைத்து ஜல்லி விற்கிற ஊர் எந்த ஊர்?

இது மிகை என்று தோன்றினால் பக்கத்தில் மேலூரைப் பாருங்கள். 2012-ல் அன்றைய மதுரை ஆட்சியர் சகாயம், கிரானைட் கொள்ளையால் அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்னது. 2015-ல் அவர் கொடுத்த அறிக்கையில் தொகை ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. பூஜ்யங்களை எண்ணியே களைத்துப் போனோம். அந்த லட்சம் கோடியும் கல்லின் விலைதான். மலையின் விலை அதில் இல்லை. அதைப் போடத் தெரிந்த ஆடிட்டர் இன்னும் பிறக்கவில்லை.

*

எல்லாமே ஒப்பாரி என்று நினைக்காதீர்கள். மேலூருக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுகை, பாண்டியர் குடைவரை, ராஜாளிகள் என்று சின்னக் குன்றுகளில் அவ்வளவு இருக்கிறது. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள். அறிவித்து இரண்டு வருஷத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. விவசாயி, பெண்கள், கோயில் பூசாரி, கடைக்காரர் எல்லோரும் ரோட்டுக்கு வந்தார்கள். சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மக்கள் யாரும் முழுகின கண்டத்துக்காக உட்காரவில்லை. எதிரே நிற்கிற மலைக்காக உட்கார்ந்தார்கள். ஜெயித்தார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒன்று: குத்தகைக்கு விடுகிற முன்னால் மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் போடுங்கள். எந்தக் குன்று தண்ணீருக்கு வேண்டும், எது கல்வெட்டுக்கு, எது உயிரினத்துக்கு, எது பாறைக்காகவே வேண்டும் என்று. பட்டியலுக்குப் பிறகு மிச்சமிருந்தால் வெட்டுங்கள். இரண்டு: பள்ளிக்கூடத்தில் கண்டப் பெயர்ச்சி பாடம் நடத்தும்போது ஆப்பிரிக்கா படத்தை மட்டும் காட்டாதீர்கள். திண்டுக்கல் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லைத் தொடச் சொல்லுங்கள். ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிற விஷயத்தின் மேல்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று சொல்லுங்கள். மூன்று: சர்க்கார் வருமானக் கணக்கோடு குறைந்த மலையின் கணக்கையும் வருஷா வருஷம் வெளியிடட்டும். பி.காம். பையன் செய்கிற வேலை இது, ஐ.ஏ.எஸ். தேவையில்லை.

கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தி வந்த குடி நாங்கள் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். முழங்குவதில் தப்பில்லை. கல்லுக்கு முந்தி வந்தவனுக்குக் கல்லின் வயதாவது தெரிந்திருக்க வேண்டாமா? தம்பியை விற்றுத் தின்றுவிட்டு அண்ணன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

அந்தப் பேராசிரியரைக் கூட்டம் முடிந்து வாசலில் பார்த்தேன். நல்ல மனிதர். "உங்க பேச்சுல ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சுங்கய்யா" என்றேன். "எது?" என்றார் அக்கறையாக. மறுபடியும் ஒரு டிப்பர் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினேன்.

அவர் லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரொம்ப வேகமாப் போறானுங்க, ஓரமா நில்லுங்க தம்பி" என்றார்.

நின்றேன். 55 கோடி வருஷம் எங்களைத் தாண்டிப் போனது. தார்ப்பாய்கூடப் போடவில்லை.